வேர் அலசிய நாணல்

மார்ச் 4

மேல்கரை சலவை நிலையங்கள் சங்கத் தலைவி அவர்களுக்கு,

வணக்கம். கால்வாயைச் சீர்செய்ய அரசு மானியம் தருகிறது. இரு கரையும் கூட்டாகக் கேட்டால்தான் கிடைக்குமாம். அதனால்தான் எழுதுகிறேன், வேறு எதற்கும் இல்லை.

உங்கள் சோப்புத் தண்ணீர் நாணல் வளர்த்த ஒரு குளத்தில் தங்கித் தெளிந்து வந்தால் என் செடிகள் பிழைக்கும். இந்த வருடமும் கருகினால் நாற்றுப் பண்ணையை மூட வேண்டியதுதான். சம்மதமா?

இப்படிக்கு,
செயலாளர், கீழ்க்கரை நாற்றுப் பண்ணைகள் சங்கம்

மார்ச் 9

செயலாளர் தம்பிக்கு,

கூடப்பிறந்தவளுக்கு "தலைவி அவர்களுக்கு" என்றா எழுதுவாய்? சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. உன் அத்தான் படித்துவிட்டு, "மூணு வருஷமா நம்ம வாசப்படி மிதிக்காதவன், மானியம்னதும் கடுதாசி போடுறான் பாரு!" என்றார். உன் செடி கருகியதற்கு நடுத்தெருவில் நின்று என்னைத் திட்டினாயே, அதை அவர் மறக்கவில்லை. நானும்தான்.

ஆனாலும் சங்கத்தில் பேசிவிட்டேன். குளம் வெட்ட எங்கள் கொல்லைப்புற இடத்தைத் தருகிறோம். இனி "அவர்கள்" என்று எழுதினால் அந்தக் கடிதத்தைத் துவைத்துக் காயப்போட்டுவிடுவேன்.

அக்கா

ஜூன் 2

அக்காவுக்கு,

மானியம் வந்துவிட்டது! நாணல் நாற்றுகளை வண்டியில் அனுப்புகிறேன். குளத்தில் நட்டுத் தண்ணீர் தேக்கினால் போதும். மாதக் கடைசியில் அதிகாரி பார்க்க வருகிறார். நாணல் வேர் பிடித்திருந்தால்தான் திட்டம் தொடரும். நடவுக்கு நான் வரவில்லை. இங்கே தலைக்கு மேல் வேலை.

தம்பி

ஜூன் 12

தம்பி,

உன் வேலை எனக்குத் தெரியாதா? வாசல்வரை வரக் கூச்சம், அவ்வளவுதான். நீ வந்திருந்தால் இப்படி நடந்திருக்காது. நாணல் முக்கால்வாசி வாடிவிட்டது.

வண்டியிலிருந்து இறக்கியதுமே எங்கள் பெண்கள், "ஐயே, இவ்ளோ சேறோட எப்படிக்கா நடுறது? அதிகாரி பார்த்தா நம்ம மானம் போயிடும்" என்றார்கள். எனக்கும் சரியென்று பட்டது. ஒவ்வொரு வேரையும் சோப்புப் போட்டு அலசி, தண்ணீர் வடியக் கொடியில் மாட்டி, மறுநாள்தான் நட்டோம். வேர்கள் எப்படிப் பளிச்சென்று இருந்தன தெரியுமா!

மானியம் நின்றால் உன் பண்ணை என்ன ஆகும்? இதுவும் அக்கா சோப்பால்தான் என்று மறுபடி பேச்சை நிறுத்திவிடாதேடா. என்னால் தாங்க முடியாது. திட்டுவதானால் நேரில் வந்து திட்டு.

அக்கா

ஜூன் 14

என் அக்காவுக்கு,

கொடியிலா? கிளிப் போட்டா? நான் சிரித்த சிரிப்பில் பண்ணை ஆட்கள் பயந்து தண்ணீர் கொண்டுவந்தார்கள். கோபப்படத்தான் உட்கார்ந்தேன், வரவில்லை. நீ அழுதுகொண்டு எழுதியிருப்பாய் என்று நினைத்ததும் சிரிப்பும் நின்றுவிட்டது.

அதிகாரியிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவரும் சிரித்துவிட்டு, மறுபடி நடச் சொல்லி அவகாசம் தந்திருக்கிறார். வாடியதைப் பிடுங்காதே. அடிக்கிழங்கு பச்சையாக இருந்தால் துளிர்த்துவிடும்.

சனிக்கிழமை புது நாற்றுகளோடு நானே வருகிறேன். அத்தானிடம் சொல், வாசற்படியை மிதிக்கத்தான் போகிறேன், அதுவும் சேற்றுக் காலோடு. யாரும் அலச வரக் கூடாது.

உன் தம்பி