நீலத்தாள் பிளேடு

மிஷன் பள்ளிக்கூடம்,
பசுவந்தனை வழி.
9-11-1958

அன்புள்ள ஞானமுத்துவுக்கு சாமுவேல்ராஜ் எழுதுவது.

கர்த்தருடைய கிருபையால் நான் சுகம். என்னுடைய கிருபா சாயர்புரத்தில் அவள் அப்பா வீட்டில் கைப்பிள்ளையோடு சுகம். பூனாவில் குளிர் தொடங்கியிருக்கும். பட்டாளத்தில் கம்பளி கொடுக்கிறார்கள் என்பதால் உனக்காக நான் கவலைப்படப் போவதில்லை.

இங்கே ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. பருத்திக்கு நல்லது என்கிறார்கள், எனக்குத்தான் ஆகவில்லை. பசுவந்தனையில் பஸ் ஏற மூன்று மைல் நடக்க வேண்டும். கரிசல் மண் உனக்குத் தெரியாததா? செருப்பைப் பிடுங்கிக்கொண்டு, பதிலுக்குக் காலில் ஒரு மண்ணுருண்டையைக் கட்டி அனுப்பும். போன மாதம் தொடர்ந்து மூன்று சனிக்கிழமை கோவில்பட்டிக்குப் போக முடியாமல் போயிற்று. அதனால் சவரமும் இல்லாமல் கிடந்தேன்.

சவரத்துக்கு எதற்குக் கோவில்பட்டி என்று கேட்பாய். ஜூன் மாதமே எழுதியிருக்க வேண்டும், வெட்கத்தில் விட்டுவிட்டேன். இந்த ஊர் நாவிதன் கருத்தையாவுக்கு நம் வயதுதான் இருக்கும். பள்ளிக்கூடம் திறந்த முதல் வாரம் வேப்பமரத்தடியில் அவன் முன்னால் போய் உட்கார்ந்தேன். கிண்ணத்தில் தண்ணீரைத் தொட்டவன், முகத்துக்குக் கொண்டுவருமுன் நிறுத்தி, நான் எந்தத் தெருவில் பிறந்தவன் என்று கேட்டான். நாம் பிறந்த தெருவைச் சொன்னேன். தண்ணீரைக் கீழே ஊற்றிவிட்டுப் பெட்டியை மூடினான்.

“சார், ஒங்க மொகத்துல கை வச்சேன்னா, நாளைக்கு இந்த ஊர்ல ஒரு மொகமும் எங்கிட்ட வராது” என்றான்.

திட்டவில்லை, முகம் சுளிக்கவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக எரிந்தது. ஞானஸ்நானத்தைப் பற்றியோ டிரெயினிங் சர்டிபிகேட்டைப் பற்றியோ அவன் கேட்கவில்லை. தெருவை மட்டும் கேட்டான். அன்றிலிருந்து சனிக்கிழமை தோறும் கோவில்பட்டி ஸ்டேஷன் பக்கத்து சலூனுக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

மூன்று வாரத் தாடியோடு வகுப்பில் நின்றால் என்ன ஆகும்? மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எழுந்து, “சார், ஒங்க வீட்ல யாரு செத்துப்போனா?” என்று கேட்டாள். துக்க வீட்டுக்காரன்தானே சவரம் செய்யமாட்டான்? அவள் கேட்டதில் குற்றம் இல்லை. மறுநாளே செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றில் நடந்து பஸ் பிடித்துக் கோவில்பட்டி போய், பஜாரில் சௌந்தரபாண்டியன் அண்ணாச்சி கடையில் ரேசர் செட் ஒன்று வாங்கிவிட்டேன். பிளேடும் வேண்டும் என்றேன். பென்சிலுக்கா, நகத்துக்கா, முகத்துக்கா என்று கேட்டார். முகத்துக்கு என்று கம்பீரமாகச் சொன்னேன். எந்த பிளேடு என்று அடுத்த கேள்வி. அங்கே முழித்தேன். பச்சைத்தாள் சுற்றியதுதான் நன்றாகப் போகிறது என்று ஒரு கட்டு எடுத்துக் கொடுத்தார்.

அது கடையில் நன்றாகப் போகலாம். என் கன்னத்தில் போகவில்லை. முடியைப் பிடித்து இழுத்தது, நான் அழுத்தினேன், நாலு இடத்தில் ரத்தம். படிகாரத்தைத் தேய்த்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன். யார் செத்தது என்று கேட்ட அதே பிள்ளை இப்போது யார் அடித்தது என்று கேட்டது.

நீ தினமும் நீயே வழித்துக்கொள்கிறவன். புதிதாக ஆரம்பிக்கிறவனுக்கு எந்த பிளேடு ஒத்துவரும் என்று எழுது. சின்ன விஷயம் என்று நினைத்துவிடாதே. எனக்கு முன் வந்த இரண்டு வாத்தியார்களும் ஆறு மாதம் தாண்டவில்லை. பிப்ரவரி முடிவதற்குள் மாற்றல் மனு கொடுத்துவிடச் சொல்லி கிருபா வாரம் ஒரு கடிதம் போடுகிறாள். சவரத்துக்கே பஸ் ஏற வேண்டிய ஊரில் பிள்ளையை எப்படி வளர்ப்பது என்கிறாள். மனுத்தாளை வாங்கி டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறேன். ஆனால் எனக்குப் போக மனமில்லை. நாற்பத்திரண்டு பிள்ளைகள் இப்போதுதான் எழுத்துக்கூட்டி வாசிக்க ஆரம்பித்திருக்கின்றன.

கர்த்தர் உன்னைக் காக்கட்டும். பதிலைத் தாமதிக்காதே.

அன்புடன்,
சாமு


பசுவந்தனை வழி.
21-12-1958

அன்புள்ள ஞானமுத்து,

கிறிஸ்துமஸ் வாழ்த்து. உன் கடிதமும் பார்சலும் வந்தன. நீ அனுப்பிய நீலத்தாள் பிளேடு ஐந்தையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். அதைக் கடைசியில் போடு, முதலில் கடையில் கிடைப்பதில் வகைக்கு ஒன்றாக வாங்கிப் போட்டுப் பார் என்று நீ எழுதியபடியே செய்தேன். ஒருவன் முகத்துக்கு ஒத்தது இன்னொருவன் முகத்துக்கு ஒத்துவராது என்று எழுதியிருந்தாயே, சௌந்தரபாண்டியன் அண்ணாச்சியிடம் அதைச் சொன்னேன். வகைக்கு ஒன்று உடைத்துக் கொடுக்க இது என்ன கருப்பட்டி மிட்டாயா என்றார். பிறகு கொடுத்தார்.

தீர்ப்பு இதுதான். பச்சைத்தாள் முகத்துக்கு ஆகாது. பென்சிலுக்கு ஆகலாம். மஞ்சள்தாள் முதல் நாள் தங்கம், மூன்றாம் நாள் தகரம். இரண்டு பக்கமும் எழுத்துப் போட்ட வெள்ளைத்தாள் ஒன்று இருக்கிறது, அது சுமார். தாடை வரைக்கும் சமர்த்தாக வரும், கழுத்துக்கு இறங்கினால் எரிச்சல். கடைசியாக உன் நீலத்தாளைப் போட்டேன். முடி போனதே தெரியவில்லை. பிளேடு மாட்டினேனா என்று ரேசரைத் திறந்து பார்த்தேன்.

ஒன்று புரிந்தது. கூர்மையான பிளேடு நம்மை வெட்டுவதில்லை. மழுங்கினதுதான் வெட்டுகிறது, ஏனென்றால் அதை நாம் அழுத்துகிறோம். நீ நாலு வரியில் எழுதியதை என் முகம் நாற்பது கீறலில் படித்தது.

தண்ணீர் விஷயம் நீ அறியமாட்டாய். இங்கே கிணறு முழுக்க உப்பு. சோப்பு நுரைக்காது, திரியும். குடிப்பதற்கு வைத்த நல்ல தண்ணீரில் ஒரு டம்ளர் முகத்துக்கு எடுக்கிறேன். எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றும் வெயிலம்மாள், சார் முகத்தையா குடிக்கிறார் என்று கேட்கிறாள்.

தீண்டாமை குற்றம் என்று சட்டம் வந்து மூன்று வருடமாகிவிட்டது, கருத்தையா மேல் ஸ்டேஷனில் எழுதிக்கொடு என்று எழுதியிருக்கிறாய். யோசித்தேன். எழுதிக்கொடுத்தால் அவன் உள்ளே போவான். அவன் கையைப் பிடித்துவைத்திருக்கிறவர்கள் வீட்டில் உட்கார்ந்திருப்பார்கள். அதற்காக அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று நினைக்காதே. வேப்பமரத்தைத் தாண்டும்போதெல்லாம் அந்தக் கிண்ணத்துத் தண்ணீர் மண்ணில் ஊற்றின சத்தம் காதில் கேட்கிறது. நான் வழித்த முகத்தோடு போகிறேன், அவன் பார்க்கிறான், நான் பார்க்காதவன்போல் போகிறேன்.

கிருபா சமாதானமாகவில்லை. முகம் சரியாகிவிட்டது, ஊர் சரியாகிவிட்டதா என்று எழுதியிருக்கிறாள். மனுத்தாள் பெட்டியிலேயே இருக்கிறது.

ஜெபத்தில் என்னை நினைத்துக்கொள்.

சாமு


பசுவந்தனை வழி.
22-2-1959

அன்புள்ள ஞானமுத்து,

நலம். பட்டாளத்தில் நீ நாயக் ஆனதற்கு சந்தோஷம். தோளில் பட்டை ஏறியவனுக்கு இனி மரியாதையாக எழுத வேண்டுமோ என்னவோ, எனக்கு வராது.

இங்கே நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். தை மாத ஆரம்பத்தில் கருத்தையாவுக்கு வலது கட்டைவிரலில் நகச்சுற்று வந்தது. விரல் வீங்கி, கத்தி பிடிக்க முடியவில்லை. ஊரே தாடியோடு திரிந்தது. என் ஒருவன் முகம்தான் வழித்த முகம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைக்கவில்லை.

பிப்ரவரி ஒன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து உட்கார்ந்திருந்தேன். உச்சி வெயில், தெருவில் ஆள் இல்லை. பின்பக்கத்து முள்வேலி ஓரம் கருத்தையா நின்றான். விரலில் துணி, முகத்தில் இரண்டு வாரத் தாடி. நாளைக்கு விளாத்திகுளத்தில் அவன் அக்காள் மகளுக்குக் கல்யாணமாம். தாய்மாமன் தாடியோடு மணவறையில் நிற்க முடியாது. அவனுக்கு வழித்துவிடும் சொந்தக்காரர்கள் எல்லோரும் முன்னாலேயே கல்யாண வீட்டுக்குப் போய்விட்டார்கள். விடியற்கால பஸ்ஸில் அவன் போய் இறங்கும்போது முகூர்த்த நேரமாகிவிடும். இதையெல்லாம் தரையைப் பார்த்துச் சொன்னான்.

“கேக்கக் கூடாதுதான் சார். கேக்க வேற ஆளில்ல” என்றான்.

நாற்காலியை எடுத்துப் போட்டேன். தரையில் உட்காருகிறேன் என்றான். எனக்குக் குனிந்து வழிக்க வராது என்றதும் நாற்காலி நுனியில் உட்கார்ந்தான்.

அன்றைக்கு இதை யாருக்கும் சொல்லவில்லை, கிருபாவுக்குக்கூட எழுதவில்லை. உள்ளே போய் பெட்டியைத் திறந்து நான் எடுத்தது பச்சைத்தாள் பிளேடு. தெரியாமல் எடுக்கவில்லை. தெரிந்துதான் எடுத்தேன். எந்தத் தெரு என்று கேட்டாயே, இந்தா பதில் என்று நினைத்துக்கொண்டுதான் ரேசரில் மாட்டித் திருகினேன்.

வெளியே வந்தால், அவன் கண்ணை மூடி, கழுத்தை அண்ணாந்து வைத்துக்கொண்டிருக்கிறான். ஊரில் அத்தனை கழுத்தையும் பார்த்தவனுக்கு எப்படி உட்கார வேண்டும் என்று தெரியும். தொண்டைக்குழி ஏறி இறங்கியது. என்னைப் பார்த்து அவன் பயந்துதான் உட்கார்ந்திருந்தான், ஆனாலும் கண்ணை மூடியிருந்தான். எனக்கு அவமானமாகப் போய்விட்டது. திரும்ப உள்ளே போய் பச்சைத்தாளைக் கழற்றி எறிந்தேன். உன் நீலத்தாளில் கடைசி ஒன்று மீதி இருந்தது. கிருபா வருகிற அன்றைக்கு என்று வைத்திருந்தேன். அதைப் பிரித்து மாட்டினேன்.

நல்ல தண்ணீர் இரண்டு டம்ளர் செலவாயிற்று. அவன் தன் இடது கையால் கன்னத்துத் தோலை இழுத்துப் பிடித்துக்கொடுத்தான். ஒரு கீறல் இல்லாமல் முடித்தேன். கண்ணாடியில் பார்த்துவிட்டு, யாராவது கேட்டால் தூத்துக்குடி மச்சான் வந்து வழித்துவிட்டார் என்று சொல்லிக்கொள்வதாகச் சொன்னான். சரி என்றேன். வேறென்ன சொல்ல? வந்த வழியே வேலி ஓரமாகப் போனான். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மனுத்தாளை எடுத்துப் பேரையும் தேதியையும் எழுதிவிட்டேன். கையெழுத்து மட்டும் பாக்கி.

தபால்காரர் வராத நாட்களாகப் போயிற்று, அல்லது நான் அவர் வரும் நேரத்தில் வேறெங்காவது போய்க்கொண்டிருந்தேன். இப்படியே இரண்டு வாரத்துக்கு மேல் ஓடியது.

முந்தாநாள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்தால், வாசல் பக்கமாகவே கருத்தையா வருகிறான். தெருவில் நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். விரல் ஆறியிருந்தது. கல்யாண வீட்டில் நடந்ததைச் சொன்னான். யார் இவ்வளவு சுத்தமாக வழித்தது என்று அக்காள் கேட்டாளாம். தூத்துக்குடி மச்சான் என்று சொல்ல வாயெடுத்தால், அந்த மச்சானே பந்தலில் முன்னால் நிற்கிறாராம். சிரிக்காதே, நான்தான் சிரித்தேன், அவன் சிரிக்கவில்லை.

“அத்தன பேர் முன்னால, சார்தான் வழிச்சாவன்னு சொல்லிட்டேன்” என்றான்.

அவனுக்கு முன்னால் சேதி ஊருக்கு வந்துவிட்டது. ஊர்ப் பெரியவர்கள் கூப்பிட்டு வைத்துத் திட்டியிருக்கிறார்கள். இனி அவனிடம் உட்காரமாட்டோம் என்று எழுந்து போனவர்களில் பாதிப்பேர் நாலாம் நாள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். தாடி அரிக்கிறதே! மீதிப்பேர் வரவில்லை. என்னை மரத்தடிக்கு வரச்சொல்லிக் கூப்பிட இன்னும் தைரியம் வரவில்லை என்று அவனே சொன்னான்.

பிறகு என் கழுத்தையே பார்த்தான். மஞ்சள்தாள் போட்டதில் தாடைக்குக் கீழே எப்போதும் காய்கிற இரண்டு கீறல். கிட்டே வந்து, நாலு பேர் பார்க்க, அந்த இடத்தில் விரலை வைத்தான்.

“இங்கன முடி மேல பாத்து மொளைச்சிருக்கு சார். நீங்க எதுத்து இழுக்குதீங்க. அதான் கிழிக்குது.”

ஞானமுத்து, இந்த ஊருக்கு வந்து எட்டு மாதத்தில் என் முகத்தில் இந்த ஊர்க்காரர் ஒருவர் கை பட்டது அப்போதுதான். நான் அழுதேன். சோப்புக்காரம் என்று சொல்லிக்கொள்ள அப்போது சோப்பும் இல்லை. இனி அவரை அவன் இவன் என்று எழுத எனக்குக் கை வராது.

மனுத்தாளில் பழைய பிளேடுகளைச் சுற்றி, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் மேலே வைத்திருக்கிறேன். கிருபாவுக்கு எல்லாவற்றையும் எழுதி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஜூனில் வரச்சொல்லியிருக்கிறேன். பச்சைத்தாளைப் பற்றியும் இந்தத் தடவை எழுதிவிட்டேன். பதில் வர நாலைந்து நாளாகும். அவள் வரவேண்டும் என்று நீயும் ஜெபத்தில் கேட்டுக்கொள்.

கருத்தையா வரும் ஞாயிற்றுக்கிழமையும் வருகிறாராம். விரல்தான் ஆறிவிட்டதே என்றேன். நான் வழித்தால் எரிச்சல் இல்லை என்கிறார். ஆகையால் கர்த்தர் பேரைச் சொல்லிக் கேட்கிறேன், அடுத்த பார்சலில் நீலத்தாள் பிளேடை இரண்டு முகத்துக்குக் காணும்படி அனுப்பு.

அன்புடன்,
சாமு