மண்ணெண்ணெய் யாருக்கு ஆகாது?

பாப்பா அப்பாவுக்கு,

சாப்பாடு அடுப்பின் மேல் மூடியிருக்கிறது. சாவியை இந்தச் சீட்டோடு பக்கத்து வீட்டில் கொடுத்திருக்கிறேன்; பாப்பாவும் அங்கேதான்.

நேற்று கீழ்வீட்டு பெயிண்டர் பிரஷ் கழுவிய மண்ணெண்ணெய் நாற்றம் மாடியேறியதும், பாப்பாவைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குள் ஓடித் தாழ்போட்டேன். அன்று ஊரில் நம் வீட்டை மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தியவர்கள் மறுபடி வாசலில் நிற்பது போலவே இருந்தது. நீங்களோ வெளியே நின்று, "வெறும் மண்ணெண்ணெய்தானே! ஊரை விட்டு வந்து எவ்வளவு காலமாச்சு!" என்று கத்தினீர்கள். அதனால்தான் இரவு நான் முகம் கொடுத்துப் பேசவில்லை.

காலையில் பெயிண்டரிடம் கெஞ்சிக் கேட்கலாமென்று இறங்கினேன். நான் வாய் திறக்குமுன் அவனே, "மன்னிச்சுக்குங்கக்கா, நேத்து மறந்துட்டேன். அந்த வாசனை வந்தா தனக்கு மூச்சே அடைச்சுக்கும்னு உங்க வீட்டு அண்ணன் போன வாரமே சொன்னாரு. இனிமே வெளியிலதான் கழுவுவேன்" என்றான்.

உங்களுக்காம்! எனக்காகச் சொன்ன பொய்யா, இல்லை என்னிடமே முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறீர்களா? சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்ததும் மழுப்பாமல் சொல்லுங்கள்.

பாப்பாவுக்கு இருமல் மருந்து கொடுக்க மறக்காதீர்கள்.

இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்: நேற்று நீங்கள் கதவைத் தட்டவில்லை, இடித்தீர்கள். எங்களை வெளியே கூப்பிடவா, நீங்களும் உள்ளே வரவா?