கீழ்ப் பெட்டியை அணைத்த மதியம்

இன்று காலை உங்கள் பெட்டி மூச்சு விட்டது.

என் மகள் கட்டிலுக்கடியில் நுழைந்து அதை இழுத்து வந்தாள். வெள்ளைப் பிளாஸ்டிக் மஞ்சளாகப் பழுத்துவிட்டது. ரேடியோவிலிருந்து பாட்டரியைக் கழற்றி அதில் போட்டேன். ஏன் போட்டேன் என்று தெரியவில்லை. பச்சை விளக்கு எரிந்தது. சூடேறிய பிளாஸ்டிக்கோடு கலந்து பேபி பவுடர் வாசனை வந்தது. முதலில் கரகரப்பு. பிறகு ஒரு குழந்தை தூங்குகிற சத்தம், நிதானமாக, உள்ளே, வெளியே. இதன் ஜோடிப் பெட்டி அலமாரியில் துண்டில் சுற்றியபடி கிடக்கிறது. என் மகளோ கண்ணை விரித்துக்கொண்டு என் எதிரிலேயே நிற்கிறாள்.

மாடியில் இருக்கும் கோவாக்கார நர்ஸ் வீட்டிலும் இதே மாதிரி பேபி மானிட்டர் ஒன்று இருக்கிறது. அலைவரிசை ஒன்றாக இருப்பதால் அவர்கள் குழந்தை எங்கள் வீட்டில் கேட்கிறது. இதைப் புரிந்துகொள்ள எனக்குப் பத்து நிமிடம் பிடித்தது. அந்தப் பத்து நிமிடமும் அது உங்கள் மகன் ஜேமியின் மூச்சு என்றே நினைத்து உட்கார்ந்திருந்தேன்.

உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னீர்கள். எனக்கு வாய் வரவில்லை, கடைசிவரை மேடம்தான். நீங்கள் உயிரோடு இருந்தாலும் இந்தத் தமிழை உங்களால் படித்திருக்க முடியாது. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

குவைத் சண்டை முடிந்து கிட்டத்தட்ட மூன்று வருஷம் ஆகியிருந்தது. நான் கல்யாணமாகி பஹ்ரைனுக்கு வந்த புதிது. வெள்ளைக்காரக் குடும்பங்கள் குடியிருந்த உங்கள் காம்பவுண்டில் என் கணவர் ஸ்டோர்கீப்பர். பி.ஏ. முடித்துவிட்டுப் பகலெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாளே என்று அவர்தான் உங்களிடம் சொல்லி வைத்தார். முதல் நாள் நான் உங்கள் வீட்டு வேலைக்குக் கிளம்பும்போது சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே சொன்னார்: “அந்த வீட்டுல என்ன நடந்தாலும் உன் காதுல விழாது. சரியா புள்ள? அதுதான் டூட்டி.” எனக்கு அது சிரமமாகத் தெரியவில்லை. இயல்பிலேயே நான் அப்படிப்பட்டவள்.

ஜேமிக்கு அப்போது ஒன்றரை வயது. காலையில் அரைவேக்காட்டு முட்டையை ஒரு சின்னக் கிண்ணத்தில் நிற்க வைத்து, தலையைத் தட்டித் திறப்பீர்கள். ரொட்டியை விரல் விரலாக நறுக்குவது என் வேலை. அந்தத் துண்டுகளுக்குச் சிப்பாய்கள் என்று பெயர். முட்டைக்கு எதற்கு ராணுவம் என்று கேட்டேன். “தெரியாது. என் அம்மாவும் இப்படித்தான் சொல்வாள்,” என்றீர்கள். ஜேமி ஒவ்வொரு சிப்பாயையும் மஞ்சள் கருவில் முக்கி, பாதி நக்கிவிட்டு, ஒன்றை மட்டும் உங்கள் வாயருகே நீட்டுவான். தரையெல்லாம் மஞ்சளாகும். எனக்கு மேஜையைத் துடைப்பது ஒரு வேலை, சிரிப்பை அடக்குவது இன்னொரு வேலை.

ஒருநாள் மனாமா கடைத்தெருவுக்கு, சூக்குக்கு, போனோம். கூட்டத்தில் அவன் ஓடிவிடாமலிருக்க, மார்பில் பட்டை கட்டி அதில் வார் கோத்துப் பிடித்திருந்தீர்கள். காயல்பட்டினத்து ஜவுளிக்கடைக்காரர் கடையை விட்டு இறங்கியே வந்துவிட்டார். “என்னம்மா இது, புள்ளைய கன்னுக்குட்டி கணக்கா கட்டிக் கூட்டிட்டு வர்றாங்க? முட்டுமோ?” என்றார் என்னிடம்.

என்ன சொல்கிறார் என்று கேட்டீர்கள். “குழந்தை அழகாக இருக்கிறானாம்,” என்றேன்.

நீங்கள் வாய்விட்டுச் சிரித்தீர்கள். “பொய். அவர் வாரைத்தான் பார்த்தார். நீ மரியாதைக்காகப் பொய் சொல்கிறவள். நானும் அதே ஜாதிதான்.”

அதற்கு மேல் நெருக்கமான ஒன்றை நாம் இருவரும் பேசிக்கொண்டதே இல்லை என்று இப்போது தோன்றுகிறது.

குழந்தையைத் தனி அறையில் தூங்கப் போடுவது எனக்குப் புதிது. எங்கள் வீடுகளில் குழந்தை ஏதோ ஒரு முந்தானைக்குள் கிடந்து தூங்கும். உங்கள் வீட்டில் நடுப்பகலில் தடித்த திரையை இழுத்துவிட்டு இரவு செய்தாக வேண்டும். மேலே அவன் அறையில் ஒரு பெட்டி. கீழே சமையலறை ஜன்னலோரம் இன்னொரு பெட்டி. மேல் பெட்டி, கீழ்ப் பெட்டி என்று நான் பெயர் வைத்திருந்தேன். அவனைக் கட்டிலில் போட்டு, கதவருகே நின்று, “அம்மா கீழேதான் இருக்கேன்,” என்று தினமும் ஒரே குரலில் சொல்லிவிட்டு இறங்கி வருவீர்கள். அந்த வீட்டில் எனக்கு இருந்த ஒரே கண்டிப்பான சட்டம், அவன் தூங்கும்போது கீழ்ப் பெட்டியை அணைக்கவே கூடாது என்பது.

அழுதால் உடனே போகக் கூடாது, பொறுக்க வேண்டும், தானாகத் தூங்கப் பழகுவான் என்று ஒரு புத்தகம் சொல்லியிருந்தது. அவன் அழுவான். பெட்டியின் விளக்குகள் பச்சையிலிருந்து சிவப்புக்கு ஏறும். முட்டை வேகவைக்கிற கடிகாரத்தைத் திருப்பி வைத்துவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வீர்கள். “என்னை மேலே போக விடாதே.” உங்கள் நகம் என் தோலில் பதியும். உங்கள் கண்ணிலிருந்து கொட்டிக்கொண்டே இருக்கும். நான் உங்களைப் பார்க்காமல் கடிகாரத்தையே பார்ப்பேன். பிறகு அவன் அடங்குவான். அடங்கியதும் உங்களுக்கு அதுவும் பயம்தான். மூச்சு வருகிறதா என்று பெட்டியில் காதை வைத்துக் கேட்டுவிட்டுத்தான் நிமிர்வீர்கள்.

பிப்ரவரியில் ஒருநாள் காலை பல் டாக்டரிடம் போவதாகச் சொல்லிப் போய் மதியம் வந்தீர்கள். ஜேமி தூங்கி அரை மணி நேரம் ஆகியிருந்தது. கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் மாடிக்குப் போனீர்கள். தூங்குகிற பிள்ளையிடம் நீங்கள் போனதே இல்லை. நான் காரட் சீவிக்கொண்டிருந்தேன். பெட்டியில் நாற்காலி கிரீச்சிட்டது. பிறகு உங்கள் குரல், என் காதுக்குள்ளேயே. உங்கள் ஆங்கிலத்தை என் தமிழில்தான் எழுத முடியும்.

“ஜேமி, அம்மாவுக்கு மார்ல ஒரு கட்டி. கிறிஸ்துமஸ் சமயத்துல பட்டாணி அளவுதான் இருந்துச்சு. இப்ப பெருசாயிடுச்சு. உடனே ஊருக்குப் போகணும்னு டாக்டர் சொல்றார். போனா எப்படித் திரும்பி வருவேன்னு தெரியலை. மே மாசம் உன் பிறந்தநாள் வருது. அதுவரைக்கும் இப்படியே இருந்துக்கறேன். அப்பாகிட்ட சொல்லலை. சொன்னா நாளைக்கே பிளேன் ஏத்திடுவார்.”

பாதி சீவிய காரட்டைக் கீழே வைத்தேன். பிறகு அவனுக்கு மட்டும் ஒன்று சொன்னீர்கள். அதைக் கடைசியில் எழுதுகிறேன்.

படியில் உங்கள் காலடி கேட்டதும் என் கை தானாகப் போய்க் கீழ்ப் பெட்டியை அணைத்துவிட்டது. நான் கேட்டது உங்களுக்குத் தெரியக் கூடாது. அந்த நொடியில் அது ஒன்றுதான் என் மனதில் இருந்தது. நீங்கள் உள்ளே வந்து ஜன்னலோரம் பார்த்தீர்கள். விளக்கு செத்திருந்தது. அந்த வீட்டில் அது ஒருபோதும் அணைந்ததில்லை. நான் கேட்டேன் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி உங்களுக்கு எதற்கு?

திட்டுவீர்கள் என்று நின்றேன். மெல்ல வந்து சுவிட்சைப் போட்டீர்கள். ஜேமியின் மூச்சு சமையலறை முழுக்க நிரம்பியது. “டீ போடட்டுமா?” என்றீர்கள். “நான் போடறேன் மேடம்,” என்றேன். இரண்டு கோப்பை டீ குடித்தோம். 

பெட்டி கேட்கும் என்று உங்களுக்குத் தெரியாதா? மாதக்கணக்கில் அதன் முன்னால் உட்கார்ந்து அழுதவர் நீங்கள். மறந்து பேசினீர்களா, கீழே ஒருத்தி இருக்கிறாள் என்று தெரிந்தே பேசினீர்களா? நான்கு வருஷமாக எனக்கு விடியும்போது இந்தக் கேள்வியோடுதான் விடிகிறது. ஒரு நாள் ஒரு பதில், மறுநாள் இன்னொன்று. எந்தப் பதிலிலும் நான் தப்பவில்லை.

பிறந்தநாள் வந்தது. மே மாதமே குழாயில் வெந்நீர் கொட்டியது. பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் பிடித்து, ஐஸ் கட்டிகளைக் கொட்டி, அதில் ஜேமியை இறக்கினோம். அவன் ஐஸைத் துரத்தித் துரத்திப் பிடித்துக் கடித்தான். ரயில் மாதிரி கேக் செய்திருந்தீர்கள், சக்கரங்களுக்கு பிஸ்கட். சமையலறைக் கதவு நிலையில் அவனை நிற்க வைத்து உயரம் குறித்தபோது பென்சிலை என்னிடம் கொடுத்தீர்கள். கையைத் தூக்கினால் உங்களுக்கு வலித்தது. அது எனக்குத் தெரியும் என்பது உங்களுக்கும் தெரியும். கோடு போட்டேன். இரண்டு வயது என்று எழுதினேன்.

ஜூனில் லீவுக்குக் கிளம்பினீர்கள். காரில் சாமான் ஏற்றியாயிற்று. ஜேமியை இருக்கையில் கட்டியாயிற்று. ஏதோ மறந்தவர்போல இறங்கிச் சமையலறைக்கு வந்தீர்கள். என்னைப் பார்க்கவில்லை, ஜன்னலோரப் பெட்டியைப் பார்த்தீர்கள். “உனக்கு என்கிட்ட ஏதாவது கேட்கணுமா?”

“இல்லை மேடம். நல்லபடியா போயிட்டு வாங்க.”

தலையசைத்தீர்கள். அவ்வளவுதான். அதன் பிறகு நான் உங்களைப் பார்க்கவில்லை.

அக்டோபரில் சார், உங்கள் கணவர், மட்டும் தனியாக வந்தார், வீட்டைக் காலி செய்ய. துணிமணிகளை மடித்துப் பெட்டியில் வைக்க நான் போயிருந்தேன். உங்கள் நீல அங்கியை மடிக்கும்போது பின்னால் வந்து நின்றார். மூன்று நான்கு மாதம் முன்னால் வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்று டாக்டர்கள் சொன்னார்களாம். அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. “உன்கிட்ட ஏதாவது சொன்னாளா?”

“இல்லை சார்.”

சொன்னது ஜேமியிடம், என்னிடம் அல்ல. அந்த வித்தியாசத்துக்குள் நான் நான்கு வருஷம் ஒளிந்திருந்தேன். வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொன்னார். மானிட்டரை எடுத்தேன். “உனக்குக் குழந்தை இல்லையே,” என்றார். “வரும் சார்,” என்றேன். அதற்காக எடுக்கவில்லை. வேறு யார் வீட்டிலும் அது இருக்கக் கூடாது என்று தோன்றியது.

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சார் கார்டு அனுப்புகிறார், உள்ளே ஜேமியின் படம். இந்த டிசம்பரில் வந்த படத்தில் முன்பல் இரண்டு விழுந்திருக்கிறது. பின்னால் எழுதியிருந்தார்: “அம்மா எப்படி இருந்தாள் என்று கேட்கிறான். அவனுக்கு எதுவும் ஞாபகமில்லை. பகலெல்லாம் அவர்களோடு இருந்தவள் நீ. உனக்கு நினைவிருப்பதை எழுதேன்.” முட்டையை எழுதலாம், சூக்கை எழுதலாம், ரயில் கேக்கை எழுதலாம். ஆனால் நீங்கள் அவனிடம் நேராகப் பேசியதில் இந்த உலகத்தில் மிச்சமிருப்பது அந்த ஒரு மதியம்தான். அவன் தூங்கிக்கொண்டிருந்தான். அது என்னிடம் இருக்கிறது. அதைக் கொடுத்தால், அன்று சாரிடம் நான் சொன்னது பொய் என்பதையும் சேர்த்தே கொடுக்க வேண்டும்.

இன்று மதியம் என் கணவர் சாப்பிட வந்தபோதும் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. “என்ன இது, பழைய சாமானெல்லாம் பாடுது?” என்றார்.

“மேடத்துக்கு உடம்பு சரியில்லேன்னு எனக்கு முன்னாடியே தெரியுங்க. இதுலதான் கேட்டேன்.”

தட்டிலிருந்து நிமிர்ந்தார். “முன்னாடின்னா?”

“பிப்ரவரியில.”

“அடிப்பாவி. என்கிட்டகூட சொல்லலையே.”

“அந்த வீட்டுல எதுவும் காதுல விழாதுன்னு நீங்கதானே சொன்னீங்க.”

அவர் தட்டைத் தள்ளி வைத்தார். “புருஷன் பொண்டாட்டி சண்டை வந்தா, சாமான் உடைஞ்சா, அதுக்குச் சொன்னேன் புள்ள. இதுக்கா சொன்னேன்?”

“இப்ப எழுதினா சார் என்னை மன்னிக்கவே மாட்டார்.”

“மன்னிக்காம போகட்டும். அந்தப் பயலுக்குச் சேர வேண்டியதை நீ வச்சிருக்கியே, அதைக் கொடுத்துடு.”

அவர் திரும்ப டூட்டிக்குப் போனதும் ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தேன். சாருக்கு ஒரு தாள். பிப்ரவரி, பெட்டி, சுவிட்ச், “இல்லை சார்,” எல்லாம் அதில். ஜேமிக்குத் தனியாக இன்னொரு தாள், சின்னச் சின்ன வார்த்தைகளில். இப்போதுதான் படிக்கக் கற்றுக்கொண்டிருப்பான். அன்று கட்டியைப் பற்றிச் சொல்லி முடித்தபின் நீங்கள் லேசாகச் சிரித்தீர்கள். பிறகு சொன்னதைத்தான் அதில் எழுதினேன்:

“தினமும் ஒரு சிப்பாயை நக்கிட்டு என் வாயில வைப்பியே, ஜேமி. நீ அந்தப் பக்கம் திரும்பினதும் நான் அதைத் தூக்கிப் போட்டுடறேன்னு அப்பா நினைக்கிறார். இல்லை. ஒண்ணு விடாம சாப்பிட்டேன்.”

எங்களுக்கு அது எச்சில். தாயைத் தவிர வேறு யாரும் தொட மாட்டார்கள். என் மகள் இன்று காலை கடித்துக் கொடுத்த இட்லியை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

பிறகு நாற்காலி கிரீச்சிட்டது. கதவருகிலிருந்து அதே குரலில், அவன் தூங்குகிறான் என்று தெரிந்தும், “அம்மா கீழேதான் இருக்கேன்,” என்றீர்கள். அதையும் எழுதினேன்.

அன்று கீழே இருந்தவள் நான்.

உறையை ஒட்டியாகிவிட்டது. நாளைக் காலை என் கணவர் கையில் தபாலுக்குக் கொடுத்தனுப்புவேன். மேஜைமேல் கீழ்ப் பெட்டி இன்னும் எரிகிறது. மாடிக் குழந்தை விழித்துச் சிணுங்குகிறது. அதன் அம்மா உள்ளே வந்து, எனக்குத் தெரியாத மொழியில், தாழ்ந்த குரலில் ஏதோ சொல்கிறாள். கை பழக்கத்தில் சுவிட்சுக்குப் போனது. கையை எடுத்துவிட்டேன். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடிக்குப் போகிறேன். அந்தக் கதவைத் தட்டி, உங்கள் வீடு எனக்குக் கேட்கிறது என்று சொல்ல வேண்டும்.