மாடியில் முந்நூறு, கீழே இரண்டு

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மா தைத்துக்கொண்டே சொல்லச் சொல்ல, தங்கை எழுதுவது. கேட்டதைக் கேட்டபடியே, எதையும் அழகுபடுத்தாமல், உண்மையாக எழுதுவேன். நானாக ஏதாவது சொன்னால் அடைப்புக்குறிக்குள் இருக்கும். இனி அம்மா.

என் செல்ல மகனே, நானும் உன் தங்கையும் இங்கே நலம், நீயும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன், நம்பத்தானே முடியும், காய்ச்சலில் சுருண்டு கிடந்தபோதும் நன்றாக இருக்கிறேன் என்று சொன்னவன் நீ. போன வாரம் போனில் பேசும்போது பின்னால் யாரோ சிரித்தார்களே, அறைத் தோழன் என்றாய், அறைத் தோழனுக்கு அவ்வளவு மெல்லிய குரலா? இருக்கட்டும், அதைப் பிறகு விசாரிக்கிறேன். நீ அனுப்பிய இஸ்திரிப் பெட்டி தங்கமாக உழைக்கிறது, நான் தைக்கும் பள்ளிச் சீருடை மடிப்பெல்லாம் கத்தி மாதிரி நிற்கிறது. தொல்லையெல்லாம் மாடியில்தான். கைக்குழந்தையோடு ஒரு நர்ஸ் குடிவந்தாளே, அவள் வந்ததிலிருந்து சாயங்காலமானால் ஃபியூஸ் போகிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வருவாள், படியேறுவாள், கொஞ்ச நேரத்தில் டப் என்று வீடே இருட்டு. நான் ஸ்டூல் போட்டு ஏறிக் கம்பி மாற்றுவதற்குள் மேலே குழந்தை வீறிட்டு அழும். அவளோ ஒன்றும் தெரியாதவள் மாதிரி எட்டிப் பார்த்து, கரண்ட் போயிடுச்சாக்கா என்பாள். என்னிடமா நடக்கும்? துணி காயப்போடும் சாக்கில் மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டேன். புட்டிப் பாலைச் சுடவைக்க மின்சாரக் குவளை ஒன்று வைத்திருக்கிறாள், அடியில் முந்நூறு என்று போட்டிருக்கிறது. ஒரு வாய்ப் பாலுக்கு முந்நூறு! நம் இஸ்திரிப் பெட்டியில் வெறும் இரண்டு. மாதம் முடிந்ததும் காலி பண்ணு என்று சொல்லிவிட்டேன். பிள்ளையை வச்சிக்கிட்டு எங்கேக்கா போவேன் என்று கண்ணைக் கசக்கினாள், நான் மசியவில்லை.

(தங்கை: அண்ணா, அம்மா எண்ணை மட்டும் பார்த்திருக்கிறாள். முந்நூறுக்குப் பக்கத்தில் வாட் என்றும், இரண்டுக்குப் பக்கத்தில் கிலோவாட் என்றும் இருக்கிறது. ஒரு கிலோவாட் ஆயிரம் வாட். நம் பெட்டி இரண்டாயிரம் இழுக்கிறது. தையல் மெஷின் மோட்டார் கால் குதிரைத்திறன். முழுக் குதிரைத்திறனுக்கு ஏறக்குறைய எழுநூற்று நாற்பத்தாறு வாட் என்பதால், அது நூற்றெண்பத்தேழு. விளக்கையும் மின்விசிறியையும் சேர்த்தால், மாடிக்கும் கீழுக்கும் பொதுவான ஃபியூஸ் கம்பி தாங்கும் எல்லைக்கு நாமே வந்துவிடுகிறோம். நர்ஸ் அக்காவின் முந்நூறு கடைசியாக ஏறுவதால் பழி அவர் மேல்.)

நான் வாயை மூடியபின்னும் இவள் பேனா ஓடிக்கொண்டிருக்கிறதே என்று, என்னடி எழுதுறே, படி பார்ப்போம் என்றேன், படித்தாள். மகனே, எனக்கென்னவோ அந்த நர்ஸ் இவளைக் கைக்குள் போட்டுக்கொண்டாளோ என்று இருக்கிறது, நேற்று கூட ஒரு கதைப் புத்தகம் கொடுத்திருக்கிறாள். குதிரையாம், வாட்டாம், என் மெஷினில் குதிரை எங்கே இருக்கிறது? அதற்கு இவள் என் மேசையையே காட்டி, இரண்டு மீட்டர் துணி, முந்நூறு மில்லிமீட்டர் நாடா, எண்ணை மட்டும் பார்த்தால் நாடாதானேம்மா நீளம் என்றாள். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன். துணியில் என்னை யாராலும் ஏமாற்ற முடியாது, இவளாலும் முடியாது, அதனால் இது உண்மையாகத்தான் இருக்கும் போலிருக்கிறது. அப்படியென்றால் இத்தனை நாளும் அந்தக் குழந்தையை இருட்டில் பசியோடு அழவைத்தது நானா? தடித்த கம்பியாகப் போட்டுவிட்டால் என்ன என்று கேட்டேன், கூடாதாம், சுவருக்குள் ஒயர் சூடேறித் தீப்பிடிக்குமாம், எலெக்ட்ரீஷியன் வந்து பெட்டிக்குத் தனி லைன் இழுக்க வேண்டுமாம். இதெல்லாம் உனக்கு முன்பே தெரியுமா? தெரிந்தே சொல்லாமல் விட்டாயா? அந்தப் பெண் வேறு வீடு தேட ஆரம்பித்துவிட்டாளாம், அவள் முகத்தில் இனி எப்படி விழிப்பது என்றுதான் யோசிக்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு படுக்காதே, எதைச் செருகினாலும் எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் எழுத்தையும் படி. நோய் நொடி அண்டாமல், நினைத்தது கைகூடி, நீ நூறு வயது இருக்க வேண்டும். சிரித்த அந்தக் குரலையும் விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு,
உன்னை இன்னும் முழுசாக நம்பாத
அம்மா

(தங்கை: படியில் நர்ஸ் அக்காவின் செருப்புச் சத்தம் கேட்கிறது. அம்மா பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டாள். மெஷினையும் மின்விசிறியையும் நிறுத்திவிட்டாள். பெட்டியை நிறுத்தினாலே போதும்மா என்றேன். உன் கணக்கை யார் கண்டது, முதல்ல அந்தப் பால் சுடட்டும், நான் மேலே போய் எங்கேயும் போக வேண்டாம்னு சொல்லிட்டு வரேன் என்று சொல்லி, நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே விளக்கையும் அணைத்துவிட்டாள்.)