கடை வாசலில் காய்கறித் தட்டு

அன்புள்ள அம்மா,

போனில் சொல்ல வாய் வரவில்லை, எழுதுவதற்கு மன்னியுங்கள். முழங்கால் வலி எப்படி? நான் நலம்.

வெக்ஸ்போர்டில் நான் வேலை செய்யும் கடையின் வாசலில் காய்கறி அடுக்கி விற்கும் தட்டுக்கு இப்போதுதான் அனுமதி கேட்டு, முதலாளி விநாயகமூர்த்தி அங்கிளுடன் நகரசபை விசாரணைக்குப் போனேன். வெறுங்கையோடு போகக்கூடாதென்று அவர் ஒரு பெட்டி மாம்பழத்தை அதிகாரிகளின் மேசையில் வைத்தார். “லஞ்சம்!” என்று, தட்டு வேண்டாமென்று சொல்ல வந்திருந்த கடையின் பக்கத்து வீட்டுக்காரன் ஆங்கிலத்தில் கத்தினான். அவனோடு வந்தவர்கள் சிரித்தார்கள்.

“என்னவாம் பிள்ளை?”

“பழம் வேண்டாமாம், அங்கிள்.”

“உது என்ன சனம், மாம்பழமும் வேண்டாமாம்!”

அந்தச் சிரிப்பை மன்னிக்கமாட்டேன். நம் வீட்டின் முதல் பட்டதாரி நான், எழுந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை, என்னையும் மன்னிக்கமாட்டேன். அனுமதி கிடைக்கவில்லை, தட்டை எடுத்துவிட வேண்டுமாம். இவ்வளவு நாளும் அதைப் பார்த்துக்கொண்ட எனக்கு இந்த மாதத்தோடு வேலையும் இல்லை.

அம்மா, நான் வீட்டுக்கே வந்துவிடட்டுமா?

நிரூபா