நெருப்பு மரியாள் நாளில் நான் உருட்டியவை

ஜூலை 24

இன்றும் மழை. இந்தக் கோடையில் வானத்துக்கு வேறு வேலையே இல்லை போலிருக்கிறது. புல் இடுப்புயரம் நிற்கிறது. வெட்டினால் அழுகும், விட்டால் முற்றிவிடும். கொட்டகை மேல்தளத்தில் போன வருடத்து மிச்சம் ஒரு மூலையில் பழைய தொப்பி மாதிரி கிடக்கிறது.

மதியம் அப்பா சூப்பைக் கிளறிக்கொண்டே சொன்னார்: இந்த மாதக் கடைசிக்குள் காய்ந்த புல் வீடு வந்து சேராவிட்டால் ருமென்காவை விற்றுவிட வேண்டியதுதான், பனிக்காலத்தில் மூன்று மாடுகளுக்குத் தீனி போட முடியாது.

ருமென்கா எங்கள் கிடாரி. பிறந்த அன்று அவளைத் துடைத்துவிட்டது நான்தான். என் பள்ளிப் பையின் ஒரு வாரைத் தின்றவள். புவியியல் புத்தகத்தையும் சேர்த்துத் தின்றிருந்தால் இன்னும் பிடித்திருக்கும்.

நான் ஏதோ ஜோக் அடித்து மழுப்பினேன். பிறகு கொட்டகைக்குப் போய்க் கொஞ்ச நேரம் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு — சரி, அதை எழுதப் போவதில்லை.

ஜூலை 26

வெயில்! ஊரே அரிவாளும் கையுமாக ஓடுகிறது. மாலைக்குள் மேல்வெளி முழுவதும் வெட்டிச் சாய்த்துவிட்டோம். பக்கத்து வெளியில் அடுத்த வீட்டு ஒப்ரென் மாமாவும் வெட்டிவிட்டார். அப்பாவும் அவரும் பத்தடி தூரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு வேலை செய்தார்கள்.

ஜூலை 27

இந்த முதுகுகளின் வரலாறு. எங்களிடம் குட்டி டிராக்டர் இருக்கிறது, புல் கட்டும் மெஷின் இல்லை. ஒப்ரென் மாமாவிடம் மெஷின் இருக்கிறது, இழுக்க டிராக்டர் இல்லை. அவருடையது போன வசந்தத்தில் உயிரை விட்டது. கடவுள் இதைவிடத் தெளிவாக எப்படிக் குறிப்புக் கொடுப்பார்? ஆனால் இரண்டு வருடமாகப் பேச்சில்லை. அவர் இத்தாலியிலிருந்து அந்தக் குட்டி மெஷினைக் கொண்டுவந்து இறக்கிய அன்று அப்பா, இது சாக்லேட் சுற்றுகிற மெஷினா என்று கேட்டார். அவர், உன் தையல் மெஷினுக்கு இதை இழுக்கத் தெம்பு இருக்காது என்றார். குட்டி டிராக்டர், குட்டி மெஷின், இரண்டு குட்டி மனசு.

ஜூலை 28

நாள் முழுக்கப் புல்லைப் புரட்டிப் போட்டோம். சட்டைக்குள், காதுக்குள், எங்கெங்கோ புல். கவிஞர்கள் சும்மா சொல்வதில்லை, எனக்கு உண்மையிலேயே புல்லரித்தது.

ஜூலை 29

பிரச்சினை மூன்று தலையோடு வந்திருக்கிறது. ஒன்று, புல் நாளைக்குத்தான் முழுதாகக் காயும். இரண்டு, நாளை மாலை மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பெருமழை வருகிறது என்கிறது ஃபோன். மூன்று, நாளை நெருப்பு மரியாள் நாள்.

நெருப்பு மரியாள், இடி இடிக்கும் புனிதர் இலியாவின் தங்கை. அவள் நாளில் எவன் தன் புல்லைத் தொடுகிறானோ அவன் புல்போரில் மின்னலை இறக்குவாள். எங்கள் மலையில் பேங்க் மேனேஜர்கூட அன்றைக்குத் தோட்டத்தில் களை பிடுங்கமாட்டார். அப்பா சாயங்காலம் வானத்தைப் பார்த்தார், காலண்டரைப் பார்த்தார், கடைசியில் மாட்டு வியாபாரியின் நம்பரைத் தேடினார்.

யோசி, நெவெனா. 'தன்' புல். தன் புல்லைத்தானே தொடக்கூடாது? முடியாத ஒருவன் கூப்பிட்டு, நாலு பேர் போய் அவன் வேலையை முடித்துக் கொடுத்தால் அது மோபா. மோபாவுக்கு எந்தப் புனிதரும் கோபிப்பதில்லை. கூப்பிட்டவன் வயிறாரச் சாப்பாடு போட வேண்டும், அவ்வளவுதான்.

அப்பாவிடம் போனேன். ஒப்ரென் மாமாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதாம், வெட்கத்தை விட்டு மோபாவுக்குக் கூப்பிடுகிறார் என்றேன். அப்பா முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. எதிரிக்கு இடுப்பு பிடித்தால் வரும் வெளிச்சம். பாவம், போகத்தான் வேண்டும் என்றார்.

பிறகு வேலி தாண்டி ஒப்ரென் மாமாவிடம் போனேன். அப்பாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது என்றேன். (சொந்தமாக இன்னொரு வியாதி கண்டுபிடிக்க நேரமில்லை. ஒரே இடுப்பை இருவருக்கும் பங்கு போட்டேன்.) அதே வெளிச்சம். பாவம், வரத்தான் வேண்டும்.

புல்லுக்கு முன்னால் கட்டுக்கதை கட்டியாயிற்று.

ஜூலை 30

கை வலிக்கிறது, சிரித்துச் சிரித்து விலாவும் வலிக்கிறது. ஆனாலும் எழுதியே தீருவேன்.

அப்பா கீழே கோயிலில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு நேராக டிராக்டரோடு ஒப்ரென் மாமா வாசலில் போய் நின்றார். அவர் மெஷினைத் துடைத்துத் தயாராக வைத்திருந்தார். இரண்டு முகத்திலும் ஒரே பெருந்தன்மை. இருவரும் "பரவாயில்ல, பரவாயில்ல" என்றார்கள். எது பரவாயில்லை என்று யாரும் கேட்கவில்லை. நான் குனிந்து ஷூ லேஸைக் கட்டுவது போல் நின்றேன். போட்டிருந்தது ரப்பர் பூட்ஸ்.

அவர் வெளி பக்கத்திலேயே இருந்ததால் முதலில் அங்கே. உட்கார்ந்து ஓட்டினால் அப்பா இடுப்பு தாங்கும், பிறகு எங்கள் வெளி என்று ஒப்ரென் மாமா காதில் மட்டும் போட்டேன். அப்பா ஓட்டினார், நான் புல்லை வாரி வரிசை பிடித்தேன். சொந்தப் புல்லைத் தொடக்கூடாதே, அதனால் ஒப்ரென் மாமா பிளம் மரத்தடியில் கையைக் கட்டி உட்கார்ந்தார். வாயைக் கட்டவில்லை. அப்பா வரிசைமேல் நேராகவே ஓட்டியதில் மெஷினுக்குள் புல் ஒரு பக்கமாக நிறைந்து, முதல் கட்டு பேரிக்காய் மாதிரி விழுந்தது.

"பாம்பு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு ஓட்டு விதோயே. ரெண்டு பக்கமும் நிறையணும். அதென்ன, காய் பறிக்க வந்தியா?"

விதோயே என்கிற என் அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு வளைந்தார். அடுத்த கட்டு அளவெடுத்த மாதிரி உருண்டையாக வந்தது. மெஷின் நூலைச் சுற்றி, பின்கதவைத் திறந்து, தொப்பென்று முட்டையிடுகிறது. அப்பா ஒவ்வொரு முட்டைக்கும் திரும்பிப் பார்த்தார். சிரிப்பை மறைக்கத் தொப்பியை இறக்கிவிட்டார். பார்த்துவிட்டேனே.

மதியத்துக்குள் ஒப்ரென் மாமாவின் வெளி முடிந்தது. அப்பா இறங்கி வந்து மரத்தடியில் உட்கார்ந்து, கையைத் துடைத்து, காத்திருந்தார். ஒப்ரென் மாமாவும் காத்திருந்தார். எனக்குத்தான் அப்போது உறைத்தது. மோபாவில் கூப்பிட்டவன் சாப்பாடு போட வேண்டும். இங்கேதான் யாருமே கூப்பிடவில்லையே.

"சாப்பாடு எப்ப ஒப்ரென்?"

"அதத்தான் நானும் கேக்கலாம்னு இருந்தேன். கூப்பிட்டவன் நீதானே?"

"நானா? இடுப்பு பிடிச்சிருச்சுன்னு ஆள் அனுப்பினது நீ."

"என் இடுப்பா? உன் இடுப்புய்யா."

இரண்டு ஆரோக்கியமான இடுப்புகளும் மெல்ல என் பக்கம் திரும்பின.

மலைமுகட்டில் மேகம் ஏறிவிட்டது. ஒப்ரென் மாமாவின் புல் கட்டியாகிவிட்டது, எங்களுடையது அப்படியே கிடக்கிறது. அவர் எழுந்து போய் மெஷினை டிராக்டரோடு பூட்டியிருந்த கொக்கியைக் கழற்றக் கை வைத்தார். அப்பா உதவி கேட்கமாட்டார், எனக்குத் தெரியும், கொட்டகையே மூழ்கினாலும்.

"மாமா, ருமென்காவ வித்துருவாங்க" என்றேன். ஜோக் ஒன்றும் வரவில்லை.

அவர் கை கொக்கியின் மேலேயே இருந்தது. அந்த நேரம் பார்த்து அம்மா ஒரு பெரிய தட்டு நிறைய, மாவுக்குள் சீஸ் வைத்துச் சுட்ட பிட்டாவோடு மேட்டில் ஏறி வந்தாள். நேற்று நான் வேலி தாண்டியதை ஜன்னலிலிருந்து பார்த்தாளாம். அவ்வளவு போதும் அவளுக்கு. விடியற்காலையிலேயே மாவு பிசைந்துவிட்டாள்.

ஒப்ரென் மாமா தட்டைப் பார்த்தார். ஒரு துண்டு எடுத்து மென்றார். இன்னொன்று எடுத்தார்.

"கூப்பிட்டவன்தான் சாப்பாடு போடணும். சாப்பாடு வந்துருச்சு. அப்ப கூப்பிட்டதாத்தான் அர்த்தம்" என்றார். பிறகு அப்பாவைப் பார்த்து: "நீ போய் மரத்தடில உக்காரு. உன் புல்லத் தொட்டே, மரியாள் உன் மீசையக் கொளுத்திருவா."

எங்கள் புல், ஆகவே நானும் தொடக்கூடாது. அப்பாவும் நானும் அம்மாவும் வரிசையாக உட்கார்ந்து பிட்டா தின்றோம். வேறொருவன் தன் டிராக்டரை ஓட்டுவதைப் பார்ப்பது அப்பாவுக்குப் பல் பிடுங்குவது போல. ஒவ்வொரு கியருக்கும் முனகினார். எங்கள் வெளி செங்குத்துச் சரிவு. கட்டை இறக்கும் முன் டிராக்டரைக் குறுக்கே திருப்ப வேண்டும் என்று கத்திக்கொண்டே இருந்தார். ஒப்ரென் மாமா ஒவ்வொரு தடவையும் திருப்பினார், ஒரே ஒரு தடவை அப்பாவைப் பார்த்துக் கை அசைத்ததில் மறந்தார்.

கட்டு கதவைத் தாண்டிக் குதித்தது. ஒரு நொடி யோசித்தது. பிறகு கிளம்பியது. வேலி, காஞ்சொறிச் செடி, ஒப்ரென் மாமாவின் கோழிகள், எல்லாவற்றையும் தாண்டிக் கோயில் முற்றத்தில் திருவிழாப் பந்திக்குள் புகுந்து, பெஞ்சு நுனியில் உட்கார்ந்திருந்த பாதிரியாருக்குப் பக்கத்து இடத்தில் போய் நின்றது. இடம் பிடித்து வைத்த மாதிரி.

பாதிரியார் மூச்சு வாங்க மேலே ஏறி வந்தார். தாடியில் புல். இன்றைக்கு யார் புல் கட்டுவது என்று கேட்டார்.

"இது விதோயே புல்லு சாமி. நான் உதவிக்கு வந்தவன்" என்றார் ஒப்ரென் மாமா.

அப்போ அங்கே கட்டிக் கிடப்பது யாருடையது என்று கேட்டார் பாதிரியார்.

"அது அவன் புல்லு சாமி. நான் உதவிக்குப் போனவன்" என்றார் அப்பா.

இருவரும் சொன்னது சத்தியம். இப்படி ஒரு சத்தியத்தை இதுவரை நான் தயாரித்ததில்லை. பாதிரியார் மேகத்தைப் பார்த்தார், காலித் தட்டைப் பார்த்தார், பிட்டா தீர்ந்துவிட்டதா என்றார். பிறகு கீழே திரும்பிக் கை காட்டி ஊரையே மேலே வரச் சொன்னார். மோபாதானே, யார் வேண்டுமானாலும் வரலாம்.

திருவிழாச் சட்டையோடு எல்லோரும் ஏறி வந்தார்கள். குட்டி மெஷினின் அருமை அப்போதுதான் தெரிந்தது: ஒரு கட்டை ஒரு ஆள் தோளில் தூக்கிவிடலாம். சரிவு முழுக்க உருண்டைகள் நடந்து போயின. கடைசிக் கட்டு கொட்டகைக்குள் நுழையும்போது முதல் துளி என் மூக்கில் விழுந்தது.

இடி மட்டும் இடித்தது. மின்னல் எங்கேயும் இறங்கவில்லை.

ஜூலை 31

கொட்டுகிறது. தண்டனை: ஒரு மாதம் இரண்டு வீட்டுக் கோழிக்கூடும் நான் கழுவ வேண்டும். தீர்ப்பை இருவரும் கலந்து பேசித்தான் கொடுத்தார்களாம். பேசித்தான்!

ஆகஸ்ட் 19

கோழிகளுக்கு நகைச்சுவை உணர்வு கிடையாது.

டிசம்பர் 3

முழங்கால் அளவு பனி. மாட்டு வியாபாரி ஸ்லெட்ஜில் வந்து கேட்டில் நின்றார். அப்பாவும் அம்மாவும் டவுனுக்குப் போயிருந்தார்கள். என்னிடம் கேட்காமல், எங்கள் பாதையில் பனி தள்ளிக்கொண்டிருந்த ஒப்ரென் மாமாவிடம் கேட்டார், கிடாரி விலைக்கு இருக்கிறதா என்று.

அவர் தலையைத் தூக்கவில்லை. "எங்ககிட்ட விக்கிறதுக்கு மாடு எதுவும் இல்ல" என்றார்.

எங்ககிட்ட. வழக்கமாக இப்படி ஒரு சொல் கிடைத்தால் நான் விடமாட்டேன். இன்று கொட்டகைக்குப் போய் ருமென்காவுக்கு ஒரு கட்டைப் பிரித்துப் போட்டேன்.