மூத்தவளுக்கு ஒரு தட்டு

ஜூன் 3, சனி

எங்கள் மூவார் ஊர்க் கடைத்தெருவில் கால் வலிக்க வலிக்கச் சுற்றியாயிற்று. பச்சை என்றால் ஒரே பச்சையா என்ன? கடைசியில் வெற்றிலைக் கொழுந்து நிறத்தில் ஒன்று கிடைத்தது. மேடைத் திரை, என் உடுப்பு, ஷாஹ்ரில் உடுப்பு, சீர்த்தட்டு ரிப்பன் எல்லாமே அதே நிறம்தான். முடிவு செய்துவிட்டேன். ஷாஹ்ரிலுக்குப் படம் அனுப்பினால், "அன்னிக்கு நான் உன் பக்கத்துல இருக்கிறது யாருக்காவது தெரியுமா, இல்ல திரையோட திரையாப் போயிடுவேனா?" என்று கேட்கிறார்.

என் கல்யாணத்தில் முதலில் நிறம். அப்புறம் படமெடுப்பவர். அப்புறம் மேடை. மாப்பிள்ளை நாலாவது. அதையும் அவரிடமே சொல்லிவிட்டேன்.

ஜூன் 9

அம்மாவுக்குச் சாப்பாடுதான் முதல். "வர்றவங்க உன் திரையையா திங்கப் போறாங்க?" நெய்ச்சோறு, அன்னாசிப் பச்சடி, மாட்டிறைச்சி எல்லாம் வீட்டிலேயே ஆக்க வேண்டுமாம், அக்கம்பக்கத்தார் கூடி. ஒப்பந்தச் சமையல் என்ற பேச்சை எடுத்தாலே முகம் சுருங்குகிறது.

இதை எல்லாம் கேட்டு அக்கா சிரித்துக்கொண்டே இருந்தாள். லெடாங் மலை ஏறிவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். காலை நீட்டி, மடியில் பூனை. ரொஹாயு அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள், அரசு மருத்துவமனையில் நர்ஸ். அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. மேடையில் என் பக்கத்தில் தோழியாக நின்று விசிறி வீச அவள்தான் வேண்டும் என்றேன்.

"விசிறிதானே? ஊசி போடுறதவிடச் சுலபம்" என்றாள்.

ஜூன் 17

சவுதா பெரியம்மா வந்திருந்தார். அம்மாவின் அக்கா. எங்கள் வீட்டு நல்லது கெட்டது எதுவும் அவர் வாய் படாமல் நடந்ததில்லை. "மூத்தவ இருக்கப்ப இளையவ முந்துறா. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க மூத்தவளுக்குச் சீர் வைக்கணும். மறந்துடாதீங்க."

மறப்பேனா? துணி ஒரு செட், ஒரு மோதிரம். வழக்கமாகக் கையில் கொடுத்து முடித்துவிடுவார்கள். அது எனக்குப் போதாது. நிச்சயத்தன்று வரும் தட்டுகளில் அக்காவின் தட்டுதான் பெரியதாக இருக்க வேண்டும், அதே பச்சை ரிப்பனோடு. அதில் வைக்கும் அட்டையை என் கையாலேயே எழுதி ஷாஹ்ரிலிடம் கொடுத்தேன்: 'வழிவிட்ட அக்காவுக்கு.' எழுதும்போதே எனக்குக் கண் கலங்கியது.

"உங்க அக்காகிட்டக் கேட்டியா?" என்றார் ஷாஹ்ரில்.

கேட்டுவிட்டுச் செய்தால் அதில் என்ன இருக்கிறது? திகைக்கட்டும்.

ஜூலை 8, சனி

எழுதவே கை வரவில்லை.

இன்று நிச்சயம். எல்லாம் நன்றாகத்தான் ஆரம்பித்தது. மாப்பிள்ளை வீட்டார் தட்டுகளோடு வந்து உட்கார்ந்தார்கள். ஷாஹ்ரிலின் மாமா நல்ல பேச்சுக்காரர், ஒவ்வொரு தட்டாகக் காட்டிச் சொல்லிக்கொண்டே வந்தார். இது மோதிரம், இது வெற்றிலை, இது பலகாரம். கடைசியில் அந்தப் பெரிய தட்டைத் தூக்கி வைத்தார். "இது மூத்தவருக்கு. தங்கச்சி முந்திக்கிட்டா, அக்கா மனசு நோகக் கூடாதில்ல?" அட்டையையும் சத்தமாகப் படித்தார்.

கூடம் முழுக்க ஒரே திசையில் திரும்பியது. அக்கா தண்ணீர்க் குவளைகளோடு வாசலில் நின்றிருந்தாள். யாரோ "பாவம்" என்றார்கள். பெரியம்மா அவள் முதுகைத் தடவி, "அடுத்தது நீதான், கவலப்படாத" என்றார். அக்கா சிரித்தாள். தட்டை வாங்கிக்கொண்டாள். நன்றி சொன்னாள். அப்புறம் பின்கட்டுக்குப் போனவள் எல்லாரும் கிளம்பும்வரை பாத்திரம் கழுவிக்கொண்டே இருந்தாள்.

சந்தோஷம் தாங்காமல் உள்ளே போய்விட்டாள் என்று நினைத்தேன். எவ்வளவு பெரிய மடச்சி நான்.

ஜூலை 10

கல்யாணத்தன்று காலை ஷிஃப்ட்டை அக்கா கேட்டு வாங்கிக்கொண்டாளாம். அம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும்.

ஜூலை 15

இன்னொன்றும் செய்து தொலைத்தேன். அக்காவுக்கு ஏக்கம், அதுதான் இப்படி இருக்கிறாள் என்று நானே முடிவு கட்டி, ஷாஹ்ரிலின் சிநேகிதர் ஒருவரைத் தேநீருக்கு வரச் சொல்லிவிட்டேன். நல்ல மனிதர். மனைவியை இழந்தவர். அக்கா அவருக்குத் தேநீர் கொடுத்தாள், அவருடைய முட்டி வலிக்கு மாத்திரை சொன்னாள், வாசல்வரை போய் வழியனுப்பினாள். திரும்பி வந்து கதவைச் சாத்தினாள்.

"எனக்குக் கல்யாணம் ஆகலன்னு நான் என்னிக்காவது உங்கிட்ட அழுதிருக்கேனா?"

"இல்லக்கா, நான் நல்லதுக்குத்தான்..."

"வேலை இருக்கு, மலை இருக்கு, இந்தப் பூனை இருக்கு. நான் நல்லாத்தான் இருந்தேன் லின். அது ஒரு குறைன்னே எனக்குத் தெரியாது. அந்தத் தட்ட எடுத்துட்டு வந்தாங்க பாரு, அப்பத்தான் தெரிஞ்சுது, உங்க எல்லார் கண்ணுக்கும் நான் பாவம்னு. பெரியம்மா நெனச்சா நெனச்சுட்டுப் போறாங்க. நீயுமாடி?"

அட்டை எழுதியபோது கண் கலங்கியதே, அது வேறு என்ன? பாவப்பட்டுத்தானே அழுதேன்.

ஜூலை 16

மன்னிப்புக் கேட்டேன். "சரி விடு" என்றாள். அந்த 'சரி விடு'வில் ஒன்றும் சரியாகவில்லை.

ஆகஸ்ட் 5

உடுப்பு வந்துவிட்டது. போட்டுப் பார்த்தேன். அழகாகத்தான் இருக்கிறது. தைத்தவள், "என்னம்மா, கல்யாணப் பொண்ணு மூஞ்சியா இது?" என்று கேட்டாள். விசிறி வீச வேறு ஆள் பார்க்கட்டுமா என்கிறாள் அம்மா. வேண்டாம், அந்த இடம் காலியாகவே இருக்கட்டும்.

நிறமாம் முதலில். என்னைச் சொல்ல வேண்டும். அவள் வராத கல்யாணத்தில் பச்சை இருந்தால் என்ன, மஞ்சள் இருந்தால் என்ன?

ஆகஸ்ட் 19

மீன் அரிந்துகொண்டே அம்மா புலம்பினாள். "கூடப் பொறந்தவ வரலன்னா ஊர் என்ன பேசும்?"

"ஊருக்காகவா அவ வரணும்?" என்று கேட்டு, அக்கா சொன்னதை ஒன்று விடாமல் சொல்லிவிட்டேன். கத்தி நின்றது.

"அஞ்சு வேளத் தொழுகையிலும் அவளுக்கு ஒரு மாப்பிள்ளை கொடுன்னுதான கேட்டுட்டு இருக்கேன். இத்தன வருஷமா. அவகிட்ட ஒரு தடவ கேக்கல." அப்புறம் மீனைப் பார்த்தே, "வேற என்ன கேக்கிறதுன்னு எனக்குத் தெரியலையேடி" என்றாள்.

அப்பா இறந்தபோது பார்த்ததற்கு அப்புறம் இன்றுதான் அம்மா அழுது பார்க்கிறேன்.

செப்டம்பர் 7, வியாழன்

இன்று மாலை மருதாணிச் சடங்கு. பன்னீர் தெளித்து, உள்ளங்கையில் மருதாணி வைக்கப் பெரியவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், எல்லாரும் கல்யாணமானவர்கள். அம்மா முதலில் வைத்தாள். அடுத்து பெரியம்மா எழுந்தார். நான் இரண்டு கையையும் மூடிக்கொண்டேன்.

"அம்மாவுக்கு அப்புறம் அக்கா வைக்கட்டும்."

"கல்யாணமாகாதவ வைக்கிற வழக்கம் நம்ம பக்கம் இல்லையே" என்றார் பெரியம்மா.

"என் கைதானே பெரியம்மா?"

அவரை நான் எதிர்த்துப் பேசியதே இல்லை. அம்மா என்ன சொல்வாளோ என்று பார்த்தேன். அவள் பின்கட்டுப் பக்கம் திரும்பி, "ரொஹாயு, இங்க வா. உன் தங்கச்சி கூப்பிடறா" என்றாள்.

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் முகமெல்லாம் கண்ணீரோடு வந்து நின்றாள். "என்னடி நாடகம் இது? என் கையெல்லாம் வெங்காய நாத்தம்."

"பரவால்ல. பாவம்னு கூப்பிடலக்கா. நீ என் அக்கா, அதுக்குத்தான்."

உட்கார்ந்தாள். என் கையை விரித்து, ஊசி போடப்போவது போல ஈரத்துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, மருதாணியை உருட்டி நடுவில் வைத்து அழுத்தினாள். குனிந்தபடியே எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசினாள். "மோதிரம் நல்லாத்தான் இருக்கு, அத நான் திருப்பித் தர மாட்டேன். அந்த அட்டைய மட்டும் கிழிச்சுப் போட்டுட்டேன்."

"கல்யாணத்துக்கு வருவியா?"

"ஷிஃப்ட்ட இனிமே மாத்த முடியாதுடி. மாத்திக்கிட்டவ ஊருக்குப் போயாச்சு. ரெண்டு மணிக்குத்தான் முடியும்."

"ரெண்டு மணிக்கு வா."

"பாக்கலாம்" என்று எழுந்து போய்விட்டாள்.

செப்டம்பர் 10, ஞாயிறு

நேற்று கல்யாணம். முந்தின நாள் நிக்காஹ் முடிந்ததிலிருந்து ஷாஹ்ரில் என்னைப் பார்த்துச் சிரித்தபடியே இருக்கிறார். நானும்தான். கொம்பாங் மேளம், மேடை, படம் எல்லாம் குறையில்லாமல் நடந்தன. விசிறி வீச ஆளில்லாமல் வியர்த்து வழிந்தேன். திரை என்ன நிறம் என்று ஒருவரும் பேசவில்லை. மாட்டிறைச்சியைப் பற்றி எல்லாரும் பேசினார்கள்.

அப்புறம் பொண்ணு மாப்பிள்ளை விருந்து. எங்களோடு பெரியவர்கள் மட்டும் உட்காரும் மேசை. தன் பக்கத்து நாற்காலியில் அம்மா கைப்பையை வைத்திருந்தாள். பெரியம்மா உட்கார வந்தார்.

"ஆள் வருது" என்றாள் அம்மா.

மணி இரண்டைத் தாண்டியது. பரிமாறலாமா என்று கேட்டவர்களிடம் அம்மா கையைக் காட்டி நிறுத்தினாள். நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஷாஹ்ரில் என் விரலைப் பிடித்துக்கொண்டார்.

அக்கா வெள்ளைச் சீருடையோடே வந்தாள். காலில் வேலைச் செருப்பு. சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது. பெரியம்மா விடுவாரா? "துணிகூட மாத்தாமயா வர்றது? தங்கச்சியப் பாரு, ராணி மாதிரி இருக்கா. அடுத்தது நீதான்னு நாங்கெல்லாம் காத்துட்டு இருக்கோம்."

அக்கா அதே பழைய சிரிப்பைச் சிரிக்கப் போனாள். அதற்குள் அம்மா நாற்காலியிலிருந்த பையை எடுத்துக் கீழே வைத்தாள்.

"யாரும் எதுக்கும் காத்துட்டு இல்லக்கா" என்றாள் பெரியம்மாவிடம். "எம் பொண்ணு வேலை முடிஞ்சு பசியோட வந்திருக்கா. சாப்பிட விடு."

அக்கா கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, இரண்டு தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.